ரெயின் ஜாக்கெட்டுக்கு ஸ்பிரே வாங்கும் முன்…

கேள்வி: பைக்கில் போக மூன்று வருடமாக ஒரே ரெயின் ஜாக்கெட்தான். முன்பெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். இப்போது துணி நனைந்து கனக்கிறது. வாட்டர்ப்ரூஃப் ஸ்பிரே அடிக்கலாமா? அதில் அழியாத ரசாயனம் இருக்கிறது என்கிறார்களே?

பதில்: முதலில் துவைத்துப் பாருங்கள். இந்த மாதிரி ஜாக்கெட்டில் மழையை உடம்புக்கு விடாமல் தடுப்பது உள்பக்கத்துப் பாலியூரித்தேன் பூச்சு. தண்ணீரை உருட்டிவிடுவது வெளித்துணியில் இருக்கும் வேறொரு மெல்லிய பூச்சு. அழுக்கும் சோப்பு மிச்சமும் படிந்தாலே அது வேலை செய்யாது. கொஞ்சம் திரவ சோப்பில் துவைத்து, நுரை சுத்தமாகப் போகும்வரை அலசுங்கள். கண்டிஷனர் கூடவே கூடாது. காய்ந்ததும், லேபிள் அனுமதித்தால், மேலே பருத்தித் துணி விரித்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். பல பூச்சுகள் சூடு பட்டதும் மீண்டும் வேலை செய்யும். உள்பூச்சே செதில் செதிலாக உரிகிறதென்றால் எந்த ஸ்பிரேயும் உதவாது.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் அந்த ரசாயனங்களில் கார்பனும் ஃபுளோரினும் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. துணி ஆலைக் கழிவிலும் நாம் துவைக்கும் தண்ணீரிலும் கலந்து ஆற்றுக்குப் போகின்றன. இவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ., எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் 2019-இல் சேர்ந்தது. 2023-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க் காரணி என்றே வகைப்படுத்தியது. பிரான்ஸ் 2026 ஜனவரி முதல் பி.எஃப்.ஏ.எஸ். சேர்த்த சாதாரண உடைகளையே தடை செய்திருக்கிறது.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டப்பாவில் ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லை’ என்று மட்டும் போட்டிருந்தால் நம்பி வாங்காதீர்கள். அதே குடும்பத்தில் கார்பன் சங்கிலி குட்டையாக உள்ள வேறு ரசாயனம் உள்ளே இருக்கலாம். அது சிதைந்து மிஞ்சுவதும் அழியாது. நீரில் இன்னும் வேகமாகப் பரவும். ‘பி.எஃப்.ஏ.எஸ். இல்லை’ என்று தெளிவாக இருக்க வேண்டும். சிலிக்கோன், பாரஃபின் மெழுகு வகைகள் மழைக்குத் தாராளமாகப் போதும். எண்ணெய்க் கறையைத்தான் அவை தடுக்காது. மழைக்கோட்டுக்கு அது எதற்கு? கொஞ்சம் அடிக்கடி பூச வேண்டிவரும். அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

எந்த ஸ்பிரேயானாலும் மொட்டைமாடியில், காற்று முதுகில் படும்படி நின்று, வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள். மூடிய அறையில் அந்தப் புகைத்துளிகளைச் சுவாசித்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.