டேக் மாதிரிதான் தெரியும்

தம்பி, ஹெச்டிஎம்எல் நன்றாகவே வருகிறது, வலைப்பக்கத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்டைத் தொட்டதும் திரை முழுக்கச் சிவப்பு எரர், பேசாமல் வேறு வேலைக்குப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் அனுப்பிய எரர்களைப் பார்த்தேன். ரியாக்டில் டேகுகளை எழுதும் ஜேஎஸ்எக்ஸை ஹெச்டிஎம்எல் என்று நம்பி எழுதுகிறீர்கள், அவ்வளவுதான் சிக்கல். அது ஹெச்டிஎம்எல் வேஷம் கட்டிய ஜாவாஸ்கிரிப்ட். 2013-ல் ரியாக்ட் வெளிவந்தபோது, அனுபவசாலிகளே இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

பிரவுசருக்கு ஜேஎஸ்எக்ஸ் புரியாது. பேபல் போன்ற ஒரு கருவி ஒவ்வொரு டேகையும் ஃபங்ஷன் அழைப்பாக மாற்றிக் கொடுக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ரிட்டர்னில் இரண்டு டேகுகளை அடுத்தடுத்து வைத்தால் ஏன் திட்டுகிறது? ஒரு ரிட்டர்ன் ஒரு மதிப்பைத்தான் தரும். அதனால் இரண்டையும் ஃபிராக்மென்ட் என்ற வெற்று உறைக்குள் போடுகிறோம். கிளாஸ், ஃபார் இரண்டும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கெனவே தனக்கென எடுத்துக்கொண்ட சொற்கள். அதனால் அவற்றுக்குப் பதில் கிளாஸ்நேம், ஹெச்டிஎம்எல்ஃபார். இமேஜ் டேகை மறக்காமல் மூடுவதெல்லாம் ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

எனக்குக் கவலை, சத்தம் போடாத தவறுகள் மேல்தான். 'பட்டியலின் நீளம், இரட்டை அம்பர்சண்ட் (&&), அப்புறம் டேக்' என்று எழுதுகிறீர்கள். பட்டியல் காலியானால் ஒன்றும் தெரியாது என்று நினைப்பீர்கள். திரையில் அநாதையாக ஒரு 0 நிற்கும். ரியாக்ட் ஃபால்ஸையும் (false) நல்லையும் (null) காட்டாது, 0-ஐக் காட்டிவிடும். நீளம் பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று கேட்டு எழுதினால் சரியாகிவிடும். ஆன்கிளிக்கில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால், பட்டனை யாரும் தொடும் முன்பே அது ஓடிவிடும். ரிட்டர்ன் என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறி இல்லாமல் டேகை அடுத்த வரியில் தொடங்கினால், ஜாவாஸ்கிரிப்ட் அந்த இடத்தில் தானே அரைப்புள்ளி வைத்து முடித்துக்கொள்ளும். ரியாக்ட் 18 முதல் இதற்கு எரர்கூட வராது, வெறும் திரைதான்.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் அடையாளமாகக் கீ கொடுக்கும்போது வரிசை எண்ணையே கொடுப்பது இன்னொன்று. நடுவில் ஒரு வரியை நீக்கிப் பாருங்கள். ஒரு வரியில் டைப் செய்தது பக்கத்து வரியில் போய் உட்கார்ந்திருக்கும்.

இன்டர்வியூவுக்கு வருவோம். கிளாஸ்நேம் என்று எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்கப்போவதில்லை, அதை எடிட்டரே சொல்லிவிடும். "இந்த 0 எங்கிருந்து வந்தது?" என்று ஒரு புரோகிராம் துண்டைக் காட்டிக் கேட்பார்கள். அதற்குத் தயாராக ஒரு வேலை செய்யுங்கள். பேபல் தளத்தில் புரோகிராமை ஒட்டிப் பார்க்கும் பக்கம் இருக்கிறது. உங்களைத் திட்டிய எரர்களில் பத்தைத் திருத்தி அங்கே ஒட்டி, அது என்னவாக மாறுகிறது என்று படித்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை உங்கள் சொல்லில் இரண்டு வரி எழுதுங்கள். அந்தப் பத்தையும் எனக்கு அனுப்புங்கள், துறை மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.