வாசகர் கேள்வி: வனத்துறையே காட்டைக் கொளுத்தலாமா?

கேள்வி: ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து ஊட்டிக்குக் காரில் போனோம். பந்திப்பூர் காட்டுக்குள் ரோட்டின் இரண்டு பக்கமும் வனத்துறை ஆட்களே புல்லைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். "அப்பா, இவங்களே எரிக்கிறாங்களே?" என்று பையன் கேட்டான். பதில் தெரியாமல் முழித்தேன். 2019-ல் இதே காடு எரிந்ததை டி.வி.யில் பார்த்து மனசு கலங்கியவன் நான். இது சரியா?
– அல்சூர் வாசகர்

பதில்: சரிதான், பையனிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்தது தீத்தடுப்புக் கோடு போடும் வேலை. பனி ஈரம் இன்னும் இருக்கும்போதே ரோட்டோரப் புல்லை எரித்துவிட்டால், மார்ச்சில் யாராவது வீசிவிட்டுப் போகும் பீடித்துண்டு பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்காது, உள்ளே வரும் தீயும் அந்தக் கரிக்கோட்டில் நின்றுவிடும்.

ஆனால் கோடு போடுவது மட்டும் போதுமா என்பதுதான் என் கவலை. பந்திப்பூரும் பக்கத்திலுள்ள பிலிகிரி ரங்கன் மலையின் அடிவாரமும் பெரும்பாலும் இலையுதிர் காடுகள். கோடையில் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். பிலிகிரி மலையில் வாழும் சோளகப் பழங்குடி மக்கள் அந்தச் சருகுக்கு ஆண்டின் ஆரம்பத்திலேயே சின்னத் தீ வைத்து வந்தார்கள், 'தரகு பெங்கி' என்று அதற்குப் பேர், சருகுத் தீ என்று அர்த்தம். முழங்கால் உயரம்கூட எழாமல் தரையோடு ஊர்ந்து போகும் தீ அது. தடித்த பட்டை உள்ள மரம் தாங்கிக்கொள்ளும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் வேரும் பிழைக்கும், மழை விழுந்ததும் புதுப்புல் வரும். 1974-ல் அந்த மலை சரணாலயமானது, தீ வைப்பதும் நின்றுபோனது. அதற்கப்புறம்தான் வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி (லாண்டனா) என்ற புதர் காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்று சோளகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

உண்ணிச்செடியைக் கிட்டத்தில் பாருங்கள். மேலே பச்சை, உள்ளே விரல் தடிமனில் காய்ந்த குச்சிகள் பின்னிக் கிடக்கும், கையை விட்டால் முள் கிழிக்கும். தரையில் ஊர்ந்து வரும் தீ அதில் ஏறினால் நேராக மரத்தின் தலைக்குப் போய்விடும். இன்றைக்கு அப்படிப்பட்ட புதருக்குள் சும்மா தீயை விட்டால் சருகுத் தீயாக இருக்காது, பெருந்தீயாகிவிடும். அதனால் முதலில் புதரை எடுக்க வேண்டும். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், எரித்தாலும் துளிர்க்கும். மண்ணுக்குள் இரண்டு மூன்று அங்குலம் கீழே வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை.

கேள்வி: "காட்டில் மரத்தைக் கழித்தால்தான் காடு பிழைக்கும்" என்று அமெரிக்கச் செய்தி ஒன்றில் படித்தேன். மரம் வெட்ட இது ஒரு சாக்கு இல்லையா?
– ஜெயநகர் வாசகி

பதில்: சாக்காகவும் ஆகலாம், உங்கள் சந்தேகம் நியாயமானது. பெரிய மரத்தை வெட்டி லாரியில் ஏற்றினால் அது வியாபாரம். கழிப்பது என்றால் நெருக்கியடித்து நிற்கும் ஒல்லி மரங்களை மட்டும் எடுத்து, முதிர்ந்த மரங்களுக்கு இடம் விடுவது. மேற்கு அமெரிக்காவின் பைன் காடுகளில் சின்னச் சின்னத் தீ அடிக்கடி வந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைக்க வேண்டும் என்று 1935-ல் அங்கே விதி போட்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் காடு கன்றுகளால் அடைத்துக்கொண்டது. 2021-ல் ஒரேகானில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்த பூட்லெக் தீயில், மரத்தைக் கழித்து அதன்பிறகு தரைத்தீயும் வைத்திருந்த இடங்களில் சேதம் குறைவாக இருந்தது.

அதற்காக யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று இல்லை. 2022-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வனத்துறையே திட்டமிட்டு வைத்த தீ காற்றில் கைமீறி, 3 லட்சம் ஏக்கருக்கு மேல் போனது. நம் மலைகளின் உச்சியில் எப்போதும் பச்சையாக இருக்கும் சோலைக்காட்டில் இந்தப் பேச்சே கூடாது, அங்குள்ள மரங்கள் தீயைத் தாங்காது. இலையுதிர் காட்டிலும் வருஷா வருஷம் ஒரே இடத்தில் வைத்தால் ஒரு கன்றுகூட மரமாகாது. எங்கே, எந்த மாதம், எந்தக் காற்றில் என்று தெரிந்தவர்கள் கையில் இருக்க வேண்டிய வேலை இது. சோளகர்களை வெறும் தீக்காவலர் கூலியாக வைக்காமல், முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கேள்வி: பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் என்ன செய்வது?
– அதே வாசகி

பதில்: உண்ணிக்குச்சியில் முடைந்த நாற்காலி, மேசை கிடைக்கிறது, வாங்குங்கள். 2024-ல் லால்பாக்கில் நின்ற யானைச் சிற்பங்கள் ஞாபகம் இருக்கிறதா? அதே குச்சிதான், கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் செய்தது. பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தி அடுப்புப் பற்ற வைக்காதீர்கள்.