இடது கைப் பையனுக்கு மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டுக் கொடுங்கள்

மகனுக்கு எட்டு வயது, இடது கைப் பழக்கம், மிருதங்க வாத்தியார் வலது கைக்கு மாறச் சொல்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள்.

நானும் இடது கைக்காரன்தான். ஒன்பது வயதில் என்னைச் சேர்த்த இடத்தில், வலந்தலையை (மிருதங்கத்தின் கணீரென்று ஒலிக்கும் பக்கம்) வலது கையால்தான் வாசிக்கணும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷம் போனது. சாப்பு என்கிற அடி ஒன்றுகூடச் சுத்தமாக விழாது, கூடச் சேர்ந்த பையன்கள் பாட்டுக்கு வாசிக்கப் போய்விட்டார்கள், நான் தத்தித்தொம்நம் என்கிற ஆரம்பப் பாடத்திலேயே கிடந்தேன். அப்புறம் அப்பா வேறொரு வாத்தியாரிடம் கூட்டிப்போனார். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, திருப்பிப் போட்டு வாசி" என்றார். காலையும் மாற்றிப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கே 'நம்' என்கிற அடி கணீரென்று விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

அந்த மூன்று வருஷம் வலது விரல்களுக்குப் பலம் கொடுத்திருக்குமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், திருப்பிப் போட்டதும் வலது கைப் பக்கம் வந்த தொப்பியில் (கனத்த ஓசை தரும் பக்கம்) ரவை ஒட்டி மணிக்கட்டால் அழுத்தி இழுக்கும் கும்கி எனக்குச் சீக்கிரம் வந்தது. அதற்காக ஒரு குழந்தையை மூன்று வருஷம் வதைக்க வேண்டியதில்லை. இது சம்பிரதாய விரோதம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962) இடது கைக்காரர். அவருடைய கும்கியை இன்றைக்கும் வித்வான்கள் எடுத்துக்காட்டிப் பேசுகிறார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்துப் பக்கவாத்தியமாக வைத்துக்கொண்டார்.

மேடையில் சிக்கல் வரும், மறைக்கவில்லை. வழக்கமாகப் பாடுபவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். நாம் வலப்பக்கம் உட்கார்ந்தால் வலந்தலை சபையைப் பார்க்காமல் பின்சுவரைப் பார்க்கும், அதனால் நாமும் வயலின்காரரும் இடம் மாறிக்கொள்ளணும். ஒரு கல்யாணக் கச்சேரியில் வயலின் வித்வான் முடியாது என்று சொல்லிவிட்டார், மூன்று மணி நேரம் சுவருக்கு வாசித்தேன்.

சரி, உங்கள் மகன் மேடை ஏற இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. இப்போதைக்கு வாத்தியாரிடம் பேசுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வாத்தியார் பாருங்கள். புது மிருதங்கம் வாங்க வேண்டாம், இருப்பதையே திருப்பிப் போட்டால் போதும்.