டியூக் பல்கலைக்கழகம்: பணம் டியூக்குடையது, பாடு ஃபியூவுடையது

கேள்வி: டியூக் பல்கலைக்கழகத்தைக் கட்டியது சிகரெட் முதலாளி ஜேம்ஸ் டியூக்தானே? அதன் முதல் தலைவர் வில்லியம் பிரஸ்டன் ஃபியூவுக்கு இதில் என்ன பங்கு?

வட கரோலினாவின் டர்ஹாமில் வேலை பார்த்தபோது, ஊரிலிருந்து யார் வந்தாலும் டியூக் சேப்பலுக்குத்தான் கூட்டிப்போவேன். வாசலில் ஜேம்ஸ் டியூக்கின் சிலை, கையில் சுருட்டோடு. "சர்ச் வாசல்ல சுருட்டா?" என்று மாமா அசந்துபோனார். உள்ளே டியூக் குடும்பத்தார் மூவருக்கும் பளிங்குக் கல்லறைகள். ஃபியூவும் அங்கேதான் அடக்கம், ஆனால் தரைக்குக் கீழே, நிலவறையில்.

ஹார்வர்டில் ஆங்கிலத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு 1896-இல் டிரினிட்டி கல்லூரிக்கு வந்தவர் ஃபியூ. மெத்தடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த சின்னக் கல்லூரி அது, பின்னாளில் டியூக் பல்கலைக்கழகம் ஆனது அதுதான். 1902-இல் டீன், 1910-இல் தலைவர் (நம்மூர்க் கணக்கில் துணைவேந்தர் மாதிரி).

அவர் டீனாக இருந்தபோது, 1903-இல், ஒரு பெரிய ரகளை. பாசெட் என்ற வரலாற்றுப் பேராசிரியர், கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனைப் புகழ்ந்து, நூறு ஆண்டுகளில் தென்மாநிலங்களில் பிறந்தவர்களில் ஜெனரல் லீக்கு (அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தலைவர்) அடுத்த பெரிய மனிதர் என்று எழுதிவிட்டார். ராலே நாளிதழ் ஒன்று, பாசெட்டின் ஆங்கிலப் பெயரில் நடு எழுத்துகளை மட்டும் பெரிதாக்கி (bASSett), 'கழுதை' என்று படிக்கும்படி அச்சடித்தது. வேலையைவிட்டுத் தூக்கு என்று ஊரே கத்தியது. கல்லூரியின் அறங்காவலர்கள் 18-க்கு 7 என்ற வாக்குக் கணக்கில் பாசெட் பக்கம் நின்றார்கள். அப்போது வந்த கருத்துச் சுதந்திர அறிக்கையை எழுதியதில் ஃபியூவுக்கும் கை உண்டு. என்னைக் கேட்டால், அந்தப் பல்கலைக்கழகத்தின் அஸ்திவாரம் அன்றே போட்டாயிற்று.

பணம் வந்தது பிறகுதான். மருத்துவம், சட்டம், பெண்களுக்குத் தனிக் கல்லூரி என்று 1921-லேயே திட்டம் எழுதி ஜேம்ஸ் டியூக்கிடம் கொண்டுபோனவர் ஃபியூ. ஆங்கிலம் பேசும் நாடுகளில் டிரினிட்டி என்ற பெயரில் ஏற்கெனவே எத்தனையோ கல்லூரிகள். அதனால் டியூக் பெயரையே வைக்கலாம் என்று சொன்னவரும் அவர்தான். 1924 டிசம்பரில் 4 கோடி டாலர் அறக்கட்டளை பிறந்தது. அது முழுக்கப் பல்கலைக்கழகத்துக்கு அல்ல. மருத்துவமனைகள், அநாதை இல்லங்கள், கிராமத்துச் சர்ச்சுகளுக்கும் பங்கு. பெயர் மாற்றத்தை அறங்காவலர்கள் ஏற்றது டிசம்பர் 29, அன்று ஃபியூவுக்கு 57-ஆவது பிறந்தநாள்!

சரி, பணம் வந்ததும் வேலை முடிந்ததா? பத்தே மாதத்தில் டியூக் இறந்துவிட்டார். கட்டடம் எழுப்புவது, ஆள் சேர்ப்பது, 1930-இல் மருத்துவப் பள்ளியைத் திறப்பது எல்லாம் ஃபியூ தலையில். இன்னொரு மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகமான வாண்டர்பில்ட் 1914-இல் வழக்காடிச் சபையை விட்டே விலகியிருந்தது. ஃபியூ அந்த வழிக்குப் போகவில்லை. 36 அறங்காவலர்களில் 24 பேரை மெத்தடிஸ்ட் சபையின் மாநாடுகளே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அப்படியே நீடித்தது. முதலில் திறந்த தொழிற்கல்விப் பள்ளியும் 1926-இல் வந்த இறையியல் பள்ளிதான்.

எனக்கு உறுத்துவது ஒன்று. அந்தச் சேப்பலை வடிவமைத்தவர் ஜூலியன் ஏபில், கறுப்பினக் கட்டடக் கலைஞர். ஆனால் கறுப்பின மாணவர்களை அங்கே 1961 வரை சேர்க்கவே இல்லை. பாசெட்டுக்காக நின்ற ஃபியூ இதில் கை வைக்கவில்லை. 1940-இல், தலைவர் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

மாமாவிடம் இதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் சுருட்டுச் சிலையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்.