ஏஜென்ட்கள் தரவு பரிமாற ஜேசான் போதாதா? ஆன்டாலஜி எதற்கு?

ஏஜென்ட் என்றால் நமக்காகத் தானே வேலை பார்க்கும் மென்பொருள். அவை தரவை அனுப்ப, 'பெயர்: மதிப்பு' என்று எழுதும் ஜேசான் (JSON) வடிவம் தாராளமாகப் போதும். அனுப்பியவர் நினைத்த பொருளிலேயே பெற்றவரும் எடுத்துக்கொள்வார் என்பதற்கு மட்டும் அதில் உத்தரவாதம் கிடையாது. அதற்குத்தான் ஆன்டாலஜி: எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எது எதோடு தொடர்பு என்று இயந்திரமும் படிக்கும்படி எழுதிவைத்த பொது அகராதி.

ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு ஏஜென்ட்கள் எழுதிக்கொண்டிருந்தோம். கடை இருப்பைக் கவனிக்க ஒன்று, குடோனுக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று. மூன்றையும் மூன்று குழுக்கள் எழுதின. ஒரு நாள் கடை ஏஜென்ட் 'சோப்பு, அளவு 48' என்று கேட்டது. அது கேட்டது 48 கட்டி. குடோன் ஏஜென்ட்டுக்கு அளவு என்றால் பெட்டி. பெட்டிக்கு 48 கட்டி. மறுநாள் காலை கடை வாசலில் 2,304 சோப்பு இறங்கியிருந்தது. நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் லாக்கைத் துருவிப் பார்த்தோம். ஜேசான் சரி, எண் சரி, சர்வர் தந்த பதிலும் 200 ஓகே, அதாவது 'எல்லாம் சரி'. பிழை என்று ஒரு வரிகூட இல்லை.

எங்களுக்குப் போனது லாரி வாடகைதான். 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலமே போனது. ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் தந்த எண்ணை, இன்னொன்று நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது.

இந்த இடத்தில்தான் தகவலைப் பொருளோடு எழுதும் முறையான ஆர்டிஎஃப் (RDF) கைகொடுக்கிறது. ஒவ்வொரு தகவலையும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று மூன்று துண்டாக வைக்கிறது. 'அளவு' என்று வெறுமனே எழுதாமல், அதற்கென ஒரு யூஆர்ஐ, அதாவது இணைய முகவரி போன்ற தனி அடையாளம், கொடுத்துவிடுகிறோம். என் 'அளவு' வேறு, உங்கள் 'அளவு' வேறு என்பது அப்போது இயந்திரத்துக்கும் தெரியும். ஜேசானை விட்டுவிடவும் வேண்டாம். ஜேசானிலேயே இந்த யூஆர்ஐகளையும் சேர்த்து எழுதும் ஜேசான்-எல்டி இதற்காகவே இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 'இதுவும் அதுவும் ஒன்றே' என்று சொல்லும் 'சேம்-ஆஸ்' இணைப்பை அவசரப்பட்டுப் போடாதீர்கள். அ-வும் ஆ-வும் ஒன்று, ஆ-வும் இ-யும் ஒன்று என்றால், அ-வும் இ-யும் ஒன்று என்று எந்திரம் முடிவுகட்டிவிடும். ஒரு தவறான இணைப்பு, சோப்பின் பிராண்டையும் சோப்புக் கட்டியையும் ஒரே பொருளாக்கிவிடும். அப்புறம், உலகத்தையே ஆன்டாலஜியாக வரைய உட்காராதீர்கள். எங்களுக்கு முப்பது சொற்களே போதுமாக இருந்தன.

ஏஜென்ட்கள் பேசிக்கொள்ள ஃபிப்பா என்ற அமைப்பு வகுத்த செய்தி மொழியில், எந்த ஆன்டாலஜிப்படி பேசுகிறோம் என்று குறிக்கத் தனி இடமே உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது 'புரியவில்லை' என்று ஒரு செய்தி வகை இருப்பது. அலகு இல்லாமல் எண் மட்டும் வந்தால் ஊகிக்காதே, 'புரியவில்லை' என்று திருப்பி அனுப்பு என்று குடோன் ஏஜென்ட்டை மாற்றினோம். முதல் வாரம் அந்தப் பதில் மழையாகக் கொட்டியது. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு குடோன் சூப்பர்வைசரிடம் போய் உட்கார்ந்தேன். அவர்கள் 'பெட்டி' என்பதும் 'கேஸ்' என்பதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.