கவுண்டமணியும் செந்திலும் ஒரே பெஞ்சில்

அன்புள்ள அண்ணாச்சி,

கவுண்டமணியும் செந்திலும் மறுபடி டிவியில் சேர்ந்து வரமாட்டார்களா என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் வீட்டில் பேச்சு வரும். சேனலுக்குக் கடிதம் போடலாம் என்று இங்கே நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். என்ன கேட்டு எழுதவேண்டும்? இன்னொன்றும் உண்டு. போன மாதம் பக்கத்துக் கோயில் கொடை விழாவில் ஒரு குழு வாழைப்பழக் காட்சியை மேடையில் போட்டது. வசனம் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனாலும் கூட்டம் சிரிக்கவில்லை. ஏன்?

ஒழுகினசேரியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேனலுக்கு என்ன எழுதவேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' காட்சியில் உள்ள சரக்கு, ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் என்ற கணக்குதான். வாங்கப் போன செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கொண்டுவந்து கொடுக்கிறார். இன்னொன்று எங்கே என்றால், இதுதான் அந்த இன்னொன்று என்கிறார். இரண்டு பழத்தில் எது கையில் இருந்தாலும் மற்றதற்கு அது 'இன்னொன்று'தானே! அந்தப் பதிலில் பொய்யே கிடையாது. செந்தில் அதைத் தான் சொல்வது சரி என்று முழுசாக நம்பிச் சொல்கிறார். கவுண்டமணிக்குத் தலை வெடிப்பது அதனால்தான். மேடைக் குழுக்கள் பெரும்பாலும் இங்கே சறுக்குகின்றன. செந்தில் வேடக்காரர் முதல் வரியிலேயே கோமாளி முகம் காட்டிவிடுவார். ஏமாற்றுகிறார் என்று தெரிந்துபோனால் அப்புறம் சிரிப்பதற்கு என்ன மிச்சம்? இரண்டாவது சறுக்கல் வேகம். ஒவ்வொரு முறை கேட்ட பிறகும் கவுண்டமணி வேடக்காரர் ஒரு நொடி அந்தப் பழத்தையே பார்க்கவேண்டும். அந்த ஒரு நொடியில்தான் கூட்டமும் கணக்குப் போட்டுப் பார்க்கும்.

பழமும் முக்கியம். நம் மாவட்டத்தில் பழத்துக்கா பஞ்சம்? ஆனால் மட்டி சிறிது, பின்வரிசைக்குத் தெரியாது. ஏத்தன் பழத்தைத் தின்று முடிப்பதற்குள் வசனம் ஆறிப்போகும். செந்துளுவனின் சிவப்புத் தோல் இரவு விளக்கில் கறுத்துத் தெரியும். நல்ல மஞ்சளாகப் பழுத்த பாளையங்கோட்டன்தான் சரி. கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி முதலில் இரண்டு பழத்தையும் உயர்த்திக் காட்டிவிட்டு ஒன்றைத் தின்னச் சொல்லுங்கள்.

'வைதேகி காத்திருந்தாள்' (1984) பெட்ரோமாக்ஸ் காட்சிக்கும் இதே கட்டுமானம்தான். பெட்ரோமாக்ஸ் விளக்கில் எரிந்து ஒளி தரும் வலைத்துணிதான் மேண்டில். அது ஒருமுறை எரிந்துவிட்டால் நூல் போய்ச் சாம்பல் கூடுதான் மிஞ்சும். விரல் பட்டாலே உதிரும். அது தெரியாதவன் கையில் மேண்டில் போனால் என்ன ஆகும் என்பது பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுத்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொருள், அதைப் பற்றி எல்லாம் தெரிந்ததாகப் பேசும் ஒருவர், நியாயமாகச் சந்தேகம் கேட்கும், அல்லது நியாயமாகப் பதில் சொல்லும் இன்னொருவர். இந்த ஜோடியின் பேர்போன காட்சிகள் பலவற்றை எழுதிய ஏ. வீரப்பன் இன்று இல்லை. சேர்ந்து வருவார்களா என்ற கேள்வியில் உண்மையான இடைஞ்சல் இதுதான் என்று நினைக்கிறேன்.

பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சியில் இருவரையும் சோபாவில் உட்காரவைத்தால் என்ன நடக்கும்? கேள்வி கேட்பது தொகுப்பாளர் வேலையாகிவிடும். இந்த ஜோடியின் தொழிலே ஒருவரையொருவர் கேள்வி கேட்பதுதான். அதைப் பிடுங்கிக்கொண்டால் இருவருமே பதில் சொல்பவர்கள் ஆகிவிடுகிறார்கள், ஜோடி அங்கே இல்லை. வில்லுப்பாட்டில் 'ஆமா' போட்டுக் கேள்வி கேட்கும் பக்கப்பாட்டுக்காரரை எழுப்பிவிட்டுக் கதை சொல்லச் சொன்னால் எப்படியிருக்குமோ, அப்படி.

உங்கள் ஊர்க்காரர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு நடந்ததைப் பாருங்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதாகி 1947-இல்தான் வெளியே வந்தார். அதுவரை அவருடைய மனைவியும் ஜோடி நடிகையுமான டி.ஏ. மதுரமும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கலையவிடவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டிருந்த 'பைத்தியக்காரன்' படத்திலேயே விடுதலையான என்.எஸ்.கே.க்கும் காட்சி சேர்த்தார்கள். 1949-இல் 'நல்லதம்பி' வந்தது. எழுதவும் பாடவும் கூட நடிக்கவும் ஆட்கள் தயாராக இருந்ததால்தான் அந்த ஜோடி விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

ஆகவே, 'இருவரையும் அழைத்து வாருங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். ஏழெட்டு நிமிடத்துக்குப் புதிதாக ஒரு காட்சி எழுதச் சொல்லுங்கள். கவுண்டமணி 1939-இல் பிறந்தவர், செந்தில் 1951. உதையும் ஓட்டமும் வேண்டாம். சைக்கிள் கடையோ டீக்கடையோ, ஒரு பெஞ்ச் போதும். விஷயத்துக்கும் குறைவில்லை. வங்கியிலிருந்து வரும் ஆறு இலக்க ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லாதே என்று கவுண்டமணி செந்திலுக்குப் பாடம் நடத்துகிறார். கவுண்டமணி தன் கணக்கிலிருந்து பணம் அனுப்பவேண்டிய நேரத்தில் எண் செந்திலின் போனுக்கு வருகிறது. 'யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?' இதில் யார் பக்கம் நியாயம்? இப்படி ஒரு முடிச்சு கிடைத்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

படமெடுப்பதிலும் கவனம் வேண்டும். வசனத்துக்கு வசனம் முகத்துக்கு முகம் வெட்டினால் பாதிச் சிரிப்பு போய்விடும். கவுண்டமணி பேசும்போது செந்திலின் முகத்தையும் பார்க்கவேண்டுமே! இருவரும் முழுசாகத் தெரியும் ஒரு கேமரா நிலையாக நிற்கட்டும், நெருக்கக் காட்சி இரண்டு மூன்று இடத்தில் வந்தால் போதும். சட்டையில் குத்தும் மைக், தோளில் தட்டும்போதெல்லாம் கரகரக்கும். தலைக்கு மேலே கம்பில் தொங்கும் மைக் நல்லது. எழுத்து ஓடும் திரையை வைக்கக்கூடாது, கண் அங்கே போனால் எதிராளியை விட்டுப் போய்விடும். அதற்குப் பதில் இரண்டு நாள் உட்கார்ந்து வசனம் படித்துப் பார்க்கட்டும், மூன்றாம் நாள் காலையில் மூன்று மணி நேரத்துக்குள் எடுத்து முடிக்கட்டும். ஐம்பது பேரை எதிரே உட்காரவைத்தால் நடிகர்களுக்கே எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும். பதிவு செய்த சிரிப்பைப் பின்னால் ஒட்டவே வேண்டாம். செந்திலின் அடுத்த கேள்வி தாழ்ந்த குரலில் வந்தால் அது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகும்.

கடிதத்தில் உங்கள் கொடை மேடையில் நடந்ததையும் எழுதுங்கள். வசனம் மட்டும் சரியாக இருந்தால் போதாது என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான சான்று இல்லை. சேனல்காரர்களுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி