பட்டறைப் பக்கம்: புதுப் பக்கி, ஓயாத உதறல்

தென்னாப்பிரிக்க வாசகர் கேள்விகளில் இம்முறை அதிர்வு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எந்தக் கம்பெனி வண்டி என்ற விவரத்தை நீக்கிவிட்டோம். பதில்கள் எல்லா டீசல் பக்கிகளுக்கும் (பின்னால் திறந்த பெட்டி உள்ள பிக்கப் வண்டிகள்) பொருந்தும்.

கேள்வி: புது டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை) டீசல் பக்கி. 4,200 கி.மீ. ஓடியிருக்கிறது. 105 முதல் 115 கி.மீ. வேகத்தில் சீட்டும் தரையும் அதிர்கின்றன, ஸ்டியரிங் மட்டும் அமைதியாக இருக்கிறது. டீலர் மூன்று தடவை வீல் பேலன்ஸ் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது) செய்து கொடுத்தார். இப்போது "பக்கி என்றால் அப்படித்தான் இருக்கும் ஐயா" என்கிறார். டயர் 265/65 ஆர்17. இதை நம்பலாமா?
– சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஏணிச் சட்டத்தின் மேல் கேபின் தனியாகவும் பின்பெட்டி தனியாகவும் உட்கார்ந்திருக்கும் வண்டி இது. பின்னால் ஒரு டன் தாங்கும் பட்டை ஸ்பிரிங் இருக்கிறது. பெட்டி காலியாக இருந்தால் இணைப்புக் கோடு உள்ள காங்க்ரீட் சாலையில் குலுங்கத்தான் செய்யும். கோடுகளுக்கு இடையே 4.5 மீட்டர் என்று வைத்தால், 100 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஆறு குலுக்கல் வரும். ஆனால் அது சாலை மாறியதும் மாறிவிடும். வழவழப்பான தார்ச் சாலையில், குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகும் அதிர்வைச் சாலை மேல் போட முடியாது. ஏதோ ஒரு சுழலும் பாகத்தில் குறை இருக்கிறது. எது என்று தெரியாமல் நான்காவது தடவை பேலன்ஸ் செய்வது வீண்.

முதலில் காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் அளந்து பாருங்கள். புது வண்டிகளைத் துறைமுகத்திலும் திறந்த வெளியிலும் நிறுத்தி வைப்பதற்காகத் தேவைக்கு மேல் காற்றடித்து அனுப்புவதுண்டு. ஒப்படைக்கும் முன் அதைக் குறைக்க வேண்டும், சில வேளை மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் நின்ற டயரில் தரை தொட்ட இடம் தட்டையாகிவிடும். பெரும்பாலும் 20 கி.மீ. ஓடி டயர் சூடானால் சரியாகிவிடும். சூடான பிறகும் அதிர்ந்தால் அந்தத் தட்டை நிரந்தரமாகியிருக்கலாம், அல்லது காரணம் வேறு.

அடுத்தது சாலைச் சோதனை. டயர் சூடான பின், போக்குவரத்து குறைந்த நேரத்தில் சமதளச் சாலையில் 110-ல் போங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் குறையுங்கள். எஞ்சின் சுற்று ஏறியும் அதிர்வு மாறவில்லை என்றால் எஞ்சின் குற்றவாளி இல்லை. பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அதிர்வு சட்டென்று குறைந்தாலோ கூடினாலோ ப்ராப் ஷாஃப்ட் (எஞ்சின் விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் சுழல் தண்டு) கோணத்தையும் டிஃப்பையும் (பின்னச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) சந்தேகிக்க வேண்டும். காலை எடுத்தும் அப்படியே தொடர்ந்தால் சக்கரம், அல்லது ஷாஃப்ட்டின் எடைச் சமநிலை.

இவற்றை எண்ணாலும் பிரிக்கலாம். உங்கள் டயரின் உயரம் சுமார் 776 மி.மீ., சுற்றளவு சுமார் 2.44 மீட்டர். 110 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 30.6 மீட்டர் போகிறது, அதாவது சக்கரம் வினாடிக்குப் பன்னிரண்டரைச் சுற்று. டிஃப் விகிதம் 3.9 என்றால் ப்ராப் ஷாஃப்ட் சுமார் 49 சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இருந்தால் வினாடிக்கு 33, நான்கு சிலிண்டரின் வெடிப்புத் துடிப்பு 67. போனில் அதிர்வு அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, சீட்டின் இரும்புத் தண்டவாளத்தில் போனை இறுகக் கட்டி, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சம் வினாடிக்கு 12, 13-ல் நின்றால் சக்கரம். 25-ல் நின்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை தூக்கும் சக்கரம், அதாவது நீள்வட்டமான டயர் அல்லது ரிம். 49 அருகே நின்றால் ப்ராப் ஷாஃப்ட். ஒரு எச்சரிக்கை: வினாடிக்கு 100 தடவை அளக்கும் போனில் 50-க்கு மேல் காட்டுவதை நம்பக் கூடாது. போன் இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். 12-ல் வரும் உதறல் கண்ணுக்கே தெரியும், தண்ணீர் பாட்டிலில் அலை எழும். 49-ல் வருவது உள்ளங்காலில் ரீங்காரமாகவும் காதில் முனகலாகவும் இருக்கும்.

சீட்டில் அதிர்ந்து ஸ்டியரிங்கில் அதிராததால் பின்சக்கரம்தான் முதல் சந்தேகம். செலவில்லாத சோதனை: முன்னிரண்டையும் பின்னுக்கும், பின்னிரண்டையும் முன்னுக்கும் மாற்றுங்கள். நட்டுகளை ஏர் கன்னால் அடிக்காமல், டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக இறுக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மறுபடி பார்க்க வேண்டும். இப்போது அதிர்வு ஸ்டியரிங்குக்கு ஏறினால் சக்கரம்தான் என்று முடிவாகிவிட்டது. எதுவும் மாறவில்லை என்றால் கீழே படுத்து ப்ராப் ஷாஃப்ட்டைப் பாருங்கள்.

சக்கரம் என்று தெரிந்தால், பேலன்ஸ் மெஷின் "0" காட்டியும் ஏன் அதிர்கிறது? அந்த மெஷின் பார்ப்பது எடையை மட்டும். டயரின் வட்டத்தையோ, பக்கச்சுவர் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருப்பதையோ அது அறியாது. அதற்கு உருளையை டயர் மேல் அழுத்திச் சுழற்றும் ரோட் ஃபோர்ஸ் மெஷின் வேண்டும். டர்பனில் பெரிய டயர்க் கடைகளில் விசாரியுங்கள், நான்கு சக்கரத்துக்கும் அச்சிட்ட தாள் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் டயல் கேஜ் (நுண்ணிய ஏற்ற இறக்கத்தைக் காட்டும் முள்மானி) போதும். டயரின் மேல்வட்டத்தில் ஏற்ற இறக்கம் 1.5 மி.மீ.க்கு மேலோ, அலாய் ரிம்மில் 0.75 மி.மீ.க்கு மேலோ இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிம் சரியாக இருந்தால் டயரை ரிம்மில் 180 டிகிரி திருப்பிப் போட்டு மறுபடி அளக்கலாம். புது டயரில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது உயர்ந்த இடம், அதை ரிம்மின் தாழ்ந்த இடத்தோடு பொருத்த வேண்டும். மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடம், அது வால்வுக்கு நேரே வரும்.

இன்னொன்றையும் நின்று கவனியுங்கள். பேலன்ஸ் செய்தவர் சக்கரத்தைக் கழற்றி, அரைச் சுற்று திருப்பி அதே மெஷினில் மாட்டட்டும். முன்பு "0" காட்டியது இப்போது 20 கிராம் கேட்டால், கோன் (சக்கரத்தை மெஷினில் பிடிக்கும் கூம்பு) சக்கரத்தின் மையத்தில் உட்காரவில்லை. பக்கி ரிம்முக்குப் பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து கோனும் வெளியில் நட்டுத் துளைகளில் அமரும் தட்டும் வேண்டும். மூன்று தடவை பேலன்ஸ் செய்தும் பலன் இல்லாததற்குப் பல இடங்களில் இதுவே காரணம்.

கேள்வி: கரும்புத் தோட்டத்து மண் பாதையில் தினமும் போகிறேன். மழை விட்ட மறுநாள் 90-ல் ஸ்டியரிங் பயங்கரமாக ஆடுகிறது. முந்தின நாள் வரை ஒன்றுமில்லை.
– டோங்காட் வாசகர்

பதில்: ரிம்மின் உள்பக்கத்தில் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. 10 கிராம் குறைந்தாலே தெரியும் சக்கரத்தில் 200 கிராம் மண் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் ஆடாமல் என்ன செய்யும்? வண்டிக்கு அடியிலிருந்து குழாய் பிடித்து நான்கு ரிம்மின் உள்வளையத்தையும் ஊறவைத்துக் கழுவுங்கள். உயர் அழுத்தத் தண்ணீரை, பேலன்ஸுக்காக ரிம்மில் ஒட்டிய எடைகள் மேல் நேராக அடிக்காதீர்கள், பெயர்ந்துவிடும். கழுவியும் ஆடினால், உள்விளிம்பு குழியில் அடிபட்டு வளைந்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: சமையல் ஆர்டர் தொழில். அண்டா, அடுப்பு, கேஸ் என்று 700 கிலோ ஏற்றிக்கொண்டு ரோபோவில் (சிக்னல் விளக்கு) நின்று கிளம்பும்போது 10 முதல் 40 வரை வண்டி உதறுகிறது, மேலே போனால் சரியாகிவிடுகிறது. காலி வண்டியில் இல்லை. வாங்கியதும் 50 மி.மீ. உயர்த்தும் கிட் போட்டேன்.
– ஃபீனிக்ஸ் வாசகி

பதில்: அக்கா, உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் பாதி விடை இருக்கிறது.

பெரும்பாலான டபுள் கேப்களில் ப்ராப் ஷாஃப்ட் இரண்டு துண்டாக வரும், நடுவில் ரப்பரில் தொங்கும் சென்டர் பேரிங் இருக்கும். ஷாஃப்ட்டின் முனைகளை இணைக்கும் யூனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஜோடி ஜாயின்ட்டுகளின் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று சரிக்கட்டும். வண்டியை உயர்த்தினால் இந்தச் சமம் கெடுகிறது. கிளம்பும்போது முறுக்கு விசையில் பட்டை ஸ்பிரிங் முறுகி, டிஃப்பின் மூக்கு மேலே எழும்பும். சுமை ஏற்றினால் அச்சின் இடமே மாறும். எல்லாம் சேர்ந்து சென்டர் பேரிங்கை மேலும் கீழும் ஆட்டுகின்றன. வேகம் பிடித்ததும் முறுக்கு குறைவதால் உதறல் அடங்கிவிடுகிறது.

பார்க்க வேண்டிய வரிசை: சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா, சறுக்கு இணைப்பில் கிரீஸ் இருக்கிறதா (காய்ந்திருந்தால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் "டொக்" என்று ஒரு அடி கேட்கும்), ஷாஃப்ட்டை யாராவது கழற்றியிருந்தால் குறிகள் நேருக்கு நேர் சேர்ந்திருக்கின்றனவா. கிட் மாட்டியவர் குறி போடாமல் கழற்றியிருந்தால் அங்கேயே தவறு தொடங்கியிருக்கும். பிறகு டிஜிட்டல் கோணமானியால் கியர்பாக்ஸ் முகம், முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், டிஃப் முகம் என நான்கிலும் அளக்க வேண்டும். வண்டி சக்கரத்தில் நிற்க வேண்டும், ஜாக்கியில் தொங்கக் கூடாது. காலியாக ஒரு தடவை, வழக்கமான சுமையோடு ஒரு தடவை. ஒவ்வொரு ஜாயின்ட்டின் கோணமும் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சுழியமாகவும் இருக்கக் கூடாது, ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழும். ஜோடியின் வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்டக் கூடாது.

சரிசெய்ய, சென்டர் பேரிங் தாங்கியில் தகடு வைத்து உயரத்தை மாற்றலாம், அல்லது ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைத்து டிஃப் மூக்கின் கோணத்தை மாற்றலாம். அளக்காமல் ஆப்பு வைப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். புது பேரிங் மட்டும் மாற்றினால் சில மாதம் நன்றாக இருக்கும், கோணம் கோணலாகவே இருப்பதால் அதுவும் கிழியும்.

வாரன்டி பற்றி: காம்பெட்டிஷன் கமிஷனின் (வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. வெளியே சர்வீஸ் செய்ததற்காக மட்டும் முழு வாரன்டியையும் மறுக்க முடியாது. ஆனால் வெளியே மாட்டிய பொருளால் வந்த சேதத்தை டீலர் ஏற்க வேண்டியதில்லை. கிட்டைக் கழற்றி, பழைய உயரத்தில் சோதித்த பிறகு அவரிடம் போவது புத்திசாலித்தனம்.

கேள்வி: கார் பார்க்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கரம் துள்ளி இழுக்கிறது.
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: காய்ந்த தாரில் 4ஹெச்-ல் (நான்கு சக்கர இயக்கம்) ஓட்டுகிறீர்கள். பகுதிநேர 4x4-ல் முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் பூட்டப்படும், வளைவில் இரண்டும் வெவ்வேறு தூரம் போக வேண்டியிருப்பதால் முறுக்கு ஏறும். 2ஹெச்-க்கு (இரு சக்கர இயக்கம்) மாற்றி, சில மீட்டர் நேராகப் பின்னால் எடுங்கள், விடுபடும். டாஷ்போர்டில் 4x4 விளக்கு அணைகிறதா பாருங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் பக்கி. 60–80-ல் லேசாக மிதித்துப் போகும்போது சில வினாடி "தடதட" என்று வருகிறது. பட்டறையில் டயர் என்கிறார்கள்.
– லெனேசியா வாசகர்

பதில்: சாலையோர எச்சரிக்கைக் கோடுகள் மேல் ஏறினது போல இருந்தால் டயர் அல்ல, டார்க் கன்வர்டரின் (எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் பாகம்) பூட்டு கிளட்ச் வழுக்குகிறது. அது வரும்போது ஆக்சிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் மெல்லத் தொடுங்கள் (பின்னால் வண்டி இல்லாதபோது). பூட்டு விடுபட்டுத் தடதடப்பு உடனே நின்றால் நோய் அதுதான். டயர் அப்படி நிற்காது. மென்பொருள் புதுப்பிப்பும் சரியான வகை ஆயில் மாற்றமும் முதல் சிகிச்சை, அதற்கும் அடங்காவிட்டால் கன்வர்டர். கடையில் விற்கும் சேர்மானப் பாட்டில் எதையும் ஊற்றாதீர்கள், வாரன்டிக்கு நீங்களே குழி தோண்டியதாகும்.

கேள்வி: நான்கு மாதப் பக்கி, பலமுறை பட்டறைக்குப் போய் வந்தது. திருப்பிக் கொடுக்க முடியுமா?
– ஸ்டேங்கர் வாசகர்

பதில்: 2008-ம் ஆண்டின் 68-வது சட்டமான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 55, 56-ம் பிரிவுகளைப் படியுங்கள். ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பி, பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் மூன்றில் ஒன்றைக் கேட்கலாம். தேர்வு உங்களுடையது. பழுதுபார்த்து மூன்று மாதத்துக்குள் அதே குறை தீராமலோ வேறு குறை வந்தோ இருந்தால், மாற்றுப் பொருளோ பணமோ கொடுக்க வேண்டும். ஆனால் குறை கணிசமானது என்று காட்ட வேண்டும், "ஏதோ அதிர்கிறது" போதாது. வண்டி கம்பெனி பெயரில் இருந்து, அதன் சொத்தோ ஆண்டு வரவோ 20 லட்சம் ராண்டை எட்டினால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

எனவே ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில் (பட்டறையின் வேலைத் தாள்) "சத்தம்" என்று எழுத விடாதீர்கள். "110 கி.மீ., டயர் சூடான பின், சீட்டில் அதிர்வு, மிதித்தாலும் விட்டாலும் மாற்றமில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். ஃபோர்மனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டி, கி.மீ. எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். "குறை காணப்படவில்லை" என்று திருப்பிக் கொடுத்தால் அந்தத் தாளும் உங்களுக்குச் சாட்சி. அதே மாடல் டெமோ வண்டியில், அதே சாலையில், அதே வேகத்தில் போனால் அதிர்வு இல்லை என்பதையும் பதிவு செய்யுங்கள். குறை டயரில் என்றால் டயர் கம்பெனியிடம் போகச் சொல்வார்கள். புது வண்டியோடு விற்ற பொருள் அது, விற்றவரும் பொறுப்பு.

டீலர் எழுத்தில் மறுத்தால் மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்புட்ஸ்மனிடம் (வாகனத் துறைப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) புகார் கொடுங்கள். ஜாப் கார்டுகளும் அளவீட்டுத் தாள்களும் சேர்த்து அனுப்ப வேண்டும். வண்டி வங்கிக் கடனில் என்றால் உரிமை வங்கியின் பெயரில் இருக்கும். கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள், வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். தகராறு இருப்பதை வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, கட்டிக்கொண்டே போராடுங்கள்.